ஈயைக் கட்டினது யார்?

நுவரெலியாவைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு வரி மனப்பாடம்: "வெள்ளைக்காரன் இங்கே ஒரு குட்டி இங்கிலாந்தைக் கட்டினான்." அதற்குப் பின்னால் வழக்கமான பட்டியல் வரும். கிரகரி வாவி, கோல்ஃப் மைதானம், ஸ்ட்ரோபெரி, ரோசாத் தோட்டம், கடைசியில் ட்ரவுட் மீன். குளிர்ந்த ஓடையில் முழங்கால் தண்ணியில் நின்று தூண்டில் வீசுகிற ஒரு துரையின் படமும் கூடவே வரும். அந்தப் படத்தைப் பார்த்து எங்கட ஆட்களே பெருமூச்சு விடுகிறார்கள். "என்ன ஒரு ரசனை, என்ன ஒரு கலை!"

இந்தப் பெருமூச்சோடு எங்களுக்குச் சண்டை இருக்கிறது. மீனோடும் தூண்டிலோடும் எங்களுக்கு ஒரு கோபமும் கிடையாது. அந்தப் படத்தில் யாருடைய கை தெரிகிறது, யாருடைய கை ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது என்பதைத்தான் கேட்கிறோம். ட்ரவுட் தூண்டிலைக் கலை என்று சொல்வதானால், அந்தக் கலையில் பாதி தூண்டில் முனையில் இருக்கும் போலி ஈயைக் கட்டினவருக்குச் சேரும். அந்த ஆளின் பெயர் சுமார் 170 வருடமாகத் தொலைந்துகொண்டே வருகிறது. இன்றைக்குத் தொலைகிற பெயர்களில் எங்கட பெண்களின் பெயர்களும் இருக்கின்றன.

இரண்டு சுற்று, அதற்கு மேல் வேண்டாம்

முதலில் பொருளைப் பார்ப்போம். தெரியாத பொருளுக்காக யாரும் கோபப்பட முடியாது.

ட்ரவுட் தின்பதில் பெரும்பகுதி தண்ணீருக்குள்ளே கிடைப்பது. மேஃப்ளை போன்ற பூச்சிகள் தங்கள் வாழ்நாளின் பெரும்பகுதியை ஆற்றடிக் கற்களுக்கு நடுவே இளம்பூச்சியாகக் கழிக்கின்றன. சிறகு முளைக்கும் நேரம் வந்ததும் மேலே எழும்புகின்றன. காற்றில் அவை பறப்பது கொஞ்ச நேரம்தான். கல்லை விட்டு எழும்பி மேற்பரப்புக்கு வருகிற அந்த இடைவெளியில் அவற்றால் நீந்தித் தப்பவும் முடியாது, பறக்கவும் முடியாது. மீனுக்கு அதுதான் சாப்பாட்டு நேரம். அந்த நேரத்துப் பூச்சியைப் போல நடிக்கக் கட்டப்படுவதைத்தான் வெட் ஃப்ளை என்கிறார்கள். தண்ணிக்குள் தாழ்ந்து ஓடும் ஈ. மேற்பரப்பில் மிதக்கிற ஈக்கு ட்ரை ஃப்ளை என்று பெயர்.

வட இங்கிலாந்தின் பழைய வெட் ஃப்ளைகளில் ஒன்று 'பார்ட்ரிட்ஜ் அன்ட் ஒரேஞ்ச்'. கௌதாரி இறகும் செம்மஞ்சள் பட்டு நூலும், அவ்வளவுதான் அதன் பொருள். 14ஆம் இலக்கச் சின்னத் தூண்டில் முள்ளை வைஸில் பிடித்துக்கொள்வார்கள். பட்டு நூலில் மெழுகைத் தேய்த்து, முள்ளின் கண்ணுக்குப் பக்கத்தில் தொடங்கி, கூர்முனைக்கு நேர் மேலே வருமட்டும் ஒட்டி ஒட்டிச் சுற்றுவார்கள். பிறகு நூலைத் திருப்பி முன்னுக்குக் கொண்டுவருவார்கள். அதுதான் உடம்பு. கௌதாரியின் சிறிய இறகொன்றின் அடிப்பஞ்சை உரித்துவிட்டு, கண்ணுக்குப் பின்னால் வைத்து ஒன்றரைச் சுற்று, மிஞ்சினால் இரண்டு. முடிச்சு. வேலை முடிந்தது.

பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் இந்த ஒன்றுமில்லாததில்தான் எல்லாம் இருக்கிறது. மிதக்க வேண்டிய ட்ரை ஃப்ளைக்குச் சேவலின் விறைப்பான கழுத்திறகு வேண்டும். வெட் ஃப்ளைக்கு வேண்டியது மென்மையான இறகு. ஓடும் தண்ணி பட்டதும் அது மடங்கும், விரியும், திரும்ப மடங்கும். மீனுக்கு அது உயிரின் அசைவாகத் தெரியும். மூன்றாவது சுற்று, நாலாவது சுற்று என்று போனால் இறகு அடர்ந்து குடை மாதிரி நின்றுவிடும், அசைவு செத்துவிடும். பட்டு நூல் நனைந்ததும் நிறம் இருளும். ஆகவே கட்டுகிறவர் கையில் இருக்கும் நிறத்தைப் பார்த்துக் கட்டுவதில்லை, தண்ணிக்குள் வரப்போகிற நிறத்தை நினைத்துக் கட்டுகிறார். எங்கே நிறுத்த வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த அறிவைப் புத்தகத்தில் எழுதலாம். ஆனால் அது விரலுக்கு வந்து சேர மாதக்கணக்கில் கட்ட வேண்டும்.

பெயர் யாருக்குப் போனது

'பார்ட்ரிட்ஜ் அன்ட் ஒரேஞ்ச்', 'ஸ்னைப் அன்ட் பேர்ப்பிள்', 'வோட்டர்ஹென் ப்ளோவா'. இந்தப் பழைய யோர்க்‌ஷயர் ஈக்களின் பெயர்களைக் கவனியுங்கள். கௌதாரி, உள்ளான், நீர்க்கோழி: இறகு தந்த பறவையின் பெயர். செம்மஞ்சள், ஊதா: நூலின் நிறம். ப்ளோவா என்பது ஈய நிறச் சாம்பலைக் குறிக்கும் அந்த ஊர்ப் பேச்சுச் சொல். பெயரைக் கேட்டாலே பாதிச் செய்முறை தெரிந்துவிடும். பிரிட் என்பவர் 1885இல் யோர்க்‌ஷயர் ட்ரவுட் ஈக்களைப் பற்றி ஒரு நூல் போட்டார். அதில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்த ஆற்றங்கரைகளில் ஏற்கனவே புழங்கியவை. யார் முதலில் கட்டினார் என்பதற்குப் பதில் கிடையாது. ஊருக்குச் சொந்தமான அறிவு, ஊர்ப் பெயரோடு இருந்தது. அதில் எங்களுக்குக் குறை இல்லை.

குறை தொடங்குவது வேறு இடத்தில். 1854இல் ஸ்கொட்லாந்தின் ட்வீட் ஆற்றங்கரையில், ஸ்ப்ரூஸ்டன் என்ற ஊரில், ஜேம்ஸ் ரைட் என்று ஒருவர் இருந்தார். காசுக்கு ஈ கட்டிக் கொடுப்பது அவருடைய தொழில். டேரம் பேராலயத்தைச் சேர்ந்த குருவானவர் வில்லியம் கிறீன்வெல், ட்ரவுட் தின்னும் ஒரு பூச்சியை ஆற்றில் பார்த்துவிட்டு, அதைப் போல ஒன்று வேண்டும் என்று அவரிடம் போனார். ரைட் கட்டினார். மஞ்சள் பட்டு நூலில் செருப்புத் தைப்பவர்கள் பாவிக்கும் கருமெழுகைத் தேய்த்தால் அது ஒலிவ் நிறமாக மாறும். அந்த உடம்பு, கருங்குருவிச் சிறகு, கறுப்பும் சிவப்பும் கலந்த கழுத்திறகு. மீன்கள் நன்றாகவே விழுந்தன. ஈக்கு வைத்த பெயர்: 'கிறீன்வெல்ஸ் க்ளோரி'. கிறீன்வெல்லின் மகிமை! உலகத்தில் மிகவும் பெயர்பெற்ற ட்ரவுட் ஈக்களில் ஒன்று இன்றைக்கும் அந்தப் பெயரில்தான் விற்கிறது.

கிறீன்வெல்லுக்குப் பங்கே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. பூச்சியைக் கவனித்தது அவர். ஆனால் செருப்பு மெழுகு மஞ்சளை ஒலிவாக்கும் என்கிற தொழிலறிவு யாருடைய விரலில் இருந்தது? பெயர் வைக்கும் நேரத்தில் அந்த விரல் ஏன் யாருக்கும் ஞாபகம் வரவில்லை?

இன்னொரு கதை இதைவிடச் சுவையானது. ஸ்ட்யூவர்ட் என்பவர் 1857இல் 'த ப்ரக்டிகல் ஆங்லர்' என்ற நூலை எழுதினார். ஆற்றோட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி வெட் ஃப்ளை வீசுவதை அழுத்தமாக வாதாடிய நூல் அது. அதில் அவர் புகழ்ந்த கறுப்பு 'ஸ்பைடர்' ஈயைத் தனக்குக் காட்டித் தந்தவர் ஜேம்ஸ் பெய்லி என்று அவரே ஒளிக்காமல் எழுதினார். ஸ்ட்யூவர்ட் நேர்மையான ஆள். ஆனாலும் பாருங்கள், அந்த ஈயை இன்றைக்கு உலகம் 'ஸ்ட்யூவர்ட்டின் கறுப்பு ஸ்பைடர்' என்றுதான் அழைக்கிறது. ஒரு தனி மனிதர் நேர்மையாக இருந்தாலும் போதாது. புத்தகம் எழுதினவரின் பக்கம் பெயர் தானாகவே ஓடிப் போகிறது. எழுதுகிறவர்களாகிய நாங்கள் இதைக் கட்டாயம் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

மிதப்பது உயர்ந்ததாம், தாழ்வது தாழ்ந்ததாம்

பெயர் போனதோடு கதை முடியவில்லை. மரியாதையும் போனது.

ஹல்ஃபோர்ட் என்பவர் 1886இல் மிதக்கும் ஈக்களைப் பற்றி எழுதினார், 1889இல் ட்ரை ஃப்ளை முறையைப் பற்றி இன்னொரு நூல். அவருடைய ஆறு தென் இங்கிலாந்தின் டெஸ்ட். சுண்ணக்கல் நிலத்து ஊற்றுகளில் பிறந்து கண்ணாடி போல ஓடும் ஆறு. அந்த ஆற்றுக்கு அந்த முறை நன்றாகப் பொருந்தும், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவரைப் பின்பற்றியவர்கள் முறையை ஒழுக்க விதியாக மாற்றினார்கள். மேலே வந்து பூச்சி தின்னும் மீனுக்கு மட்டும், மிதக்கும் ஈயால் மட்டும், மேல்நோக்கி மட்டும் வீச வேண்டும். வேறு விதமாக வீசினால் நீ கனவான் இல்லை.

அந்தத் தெளிந்த ஆறுகளின் கரை யாருடையது? நிலவுடைமையாளர்களுடையது, காசு கட்டிச் சேரும் கழகங்களுடையது. வடக்கின் மழையாறுகளில் காலம் காலமாக வெட் ஃப்ளை வீசியவர்களின் அறிவு ஒரே தலைமுறையில் 'பழைய முறை', 'நயமற்ற முறை' என்று ஆகிவிட்டது. மீன் பெரும்பாலும் தண்ணிக்குள்ளேதான் தின்கிறது என்கிற உண்மை மட்டும் மாறவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதைத் திரும்பச் சொல்ல ஒரு வழக்கறிஞர் வர வேண்டியிருந்தது. ஸ்க்யூஸ் 1910இல் எழுதிய நூலில், சுண்ணக்கல் ஆறுகளிலும் தாழ்ந்து ஓடும் ஈக்கு இடம் உண்டு என்றார். பிறகு நிம்ஃப் எனும் இளம்பூச்சி வடிவங்களில் ஆழமாக இறங்கினார். 1938இல் லண்டனின் ஃப்ளைஃபிஷர்ஸ் கழகத்தில் இந்த நிம்ஃப் முறை தகுமா என்று விவாதமே வைத்தார்கள். தங்களுடைய வட்டத்துக்குள்ளேயே இருந்த, மதிப்பான, எண்பதை நெருங்கும் ஒரு மனிதருக்கே இந்த நிலை என்றால், ட்வீட் கரையில் காசுக்கு ஈ கட்டியவரை யார் கணக்கில் எடுத்திருப்பார்கள்?

எங்கட மலைக்கு வந்த மீன்

இதே கனவான்களின் வர்க்கம்தான் 1880களில் ட்ரவுட்டை இலங்கை மலைக்குக் கொண்டுவந்தது. தாங்கள் போன இடமெல்லாம் இந்த மீனையும் கூடவே எடுத்துப் போனார்கள். 1864இல் தஸ்மேனியாவுக்கு, பிறகு காஷ்மீருக்கு, நீலகிரிக்கு, இங்கே நுவரெலியாவுக்கு. முட்டைகளைப் பனிக்கட்டியில் வைத்துக் கப்பலில் கொண்டுவருவார்கள். ரயில் நானுஓயாவுக்கு வந்தது 1885இல். அதற்கு முன்னால் வந்த முட்டைகள் கடைசி ஏற்றத்தை மாட்டு வண்டியிலும் மனிதத் தோளிலும்தான் கடந்திருக்க வேண்டும். எந்தத் துரை ஆசைப்பட்டார், எந்தக் கழகம் செலவழித்தது என்று எழுதுகிறார்கள். தோள் கொடுத்தவரின் பெயரை நாங்கள் எங்கும் வாசித்ததில்லை.

அந்த மேட்டுநிலத்துக்கு 'மகா எலிய' என்று பழைய பெயர் உண்டு. ஆளுநர் வில்மட் ஹோர்டனின் பெயரால் அது ஹோர்டன் சமவெளி ஆனது. ஆளுநர் கிரகரியின் பெயரால் வாவி. கிறீன்வெல்லின் பெயரால் ஈ. மூன்றிலும் ஒரே பழக்கம்தான் வேலை செய்கிறது.

ட்ரவுட்டைப் புனிதமாக்கவும் நாங்கள் தயாரில்லை. ஹோர்டன் சமவெளியின் குளிர் ஓடைகளில் இந்த நாட்டுக்கே உரிய ஒரு சிற்றிறால் இனம் வாழ்கிறது. ட்ரவுட் ஒரு வேட்டை மீன். சிற்றிறால் அதற்குச் சாப்பாடு. பொழுதுபோக்குக்காக விடப்பட்ட மீனின் செலவை ஓடை கட்டுகிறது. "குட்டி இங்கிலாந்து" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்லட்டும்.

இப்போது கட்டுவது யார்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகளில் விற்கிற ஈக்களில் பெருந்தொகை இன்றைக்கு அங்கே கட்டப்படுவதில்லை. கென்யாவில், தாய்லாந்தில், இலங்கையில் கட்டப்படுகின்றன. ஆம், இலங்கையில். தொழிற்சாலை மேசைகளில், வரிசையாக வைஸ் பூட்டி, பெரும்பாலும் பெண்கள் கட்டுகிறார்கள். புதிய வடிவங்களை உருவாக்கும் வெளிநாட்டுக்காரர்களின் பெயரைப் பெரிய கம்பனிகள் விளம்பரத்தில் போடும். விற்கும் ஒவ்வொன்றுக்கும் அவர்களுக்கு உரிமைத்தொகை போகும் வழக்கமும் உண்டு. கட்டினவருக்குக் கூலி. பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை.

எங்கட வாசிப்பு வட்டத்தில் இருக்கும் ஒரு தோழியின் அக்கா அப்படியொரு இடத்தில் நாலு வருடம் வேலை செய்தவர். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து போனவர். அவரிடம் இந்த ஈக்களைப் பற்றிக் கேட்டோம். "இறகை இழுத்துப் பார்த்தாலே தெரியும், இது சுத்துமா ஒடியுமான்னு. ரெண்டு சுத்துக்கு மேல போனா மேடம் திருப்பி அனுப்பிருவாங்க. கொஞ்ச நாள்ல நமக்கே பிடிக்காமப் போயிரும், அசிங்கமா இருக்கும்" என்றார். புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதை அவர் மூன்று வசனத்தில் சொல்லி முடித்துவிட்டார். பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டார்: "நெசமாவே மீன் இத நம்புமா?" அவர் ட்ரவுட்டை ஒரு தடவையும் கண்டதில்லை. பிறந்து வளர்ந்த வீட்டிலிருந்து பஸ்ஸில் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஓடைகளில் அந்த மீன் நீந்துகிறது.

வேலையை விட்டு வந்து வேறொரு இடத்துக்கு விண்ணப்பித்தபோது, நேர்முகத்தில் இருந்தவர் "தொழில் அனுபவம் எதுவும் இல்லைத்தானே" என்று கேட்டாராம். இவரும் "இல்லை" என்று சொல்லிவிட்டாராம். நாலு வருடம் டசின் டசினாக, ஒன்றுக்கொன்று அச்சு மாறாமல் கட்டின கை அது. எங்களுக்கு வந்த கோபம் அந்த "இல்லை"யில் இருந்து வந்தது.

"அது வேற, இது வேற"

இதைச் சொன்னால் உடனே இரண்டு பதில் வரும்.

முதல் பதில்: "வடிவமைச்சவர் கலைஞர். கட்டுறவ கொப்பி பண்ணுறா. ரெண்டும் ஒண்டா?" சரி, ஒரு கேள்வி. ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரர் தன்னுடைய வீட்டு மேசையில் அதே 'பார்ட்ரிட்ஜ் அன்ட் ஒரேஞ்ச்'ஐக் கட்டி யூடியூபில் போடுகிறார். அவரும் நூறு வருடத்துக்கு முந்தைய வடிவத்தைத்தான் கொப்பி பண்ணுகிறார். கீழே வருகிற கருத்துகளில் எல்லாம் "என்ன ஒரு கைவினை!" அதே முள், அதே நூல், அதே இரண்டு சுற்று. ஒரு மேசையில் அது கலை, இன்னொரு மேசையில் 'திறனற்ற வேலை'. மாறியது மேசைக்கு முன்னால் இருக்கிற ஆள் மட்டும்தான்.

இரண்டாவது பதில்: "வேலை கிடைச்சதே பெரிய விஷயம். நாட்டுக்கு டொலர் வருது. பெயரை வைச்சு என்ன செய்யப் போறியள்?" வேலை வேண்டும், அதில் ஒரு சந்தேகமும் இல்லை. தொழிற்சாலையை மூடு என்று நாங்கள் கேட்கவில்லை. பெயரைக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தைக் குறை என்றும் கேட்கவில்லை, சம்பளம்தான் முதல். ஆனால் சம்பளம் எப்படிக் குறைவாகவே வைக்கப்படுகிறது? செய்கிற வேலைக்குத் திறன் தேவையில்லை என்று சொல்லிச் சொல்லித்தான். மலையகத்துக்கு இது புதுக்கதை இல்லை. தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்கிறவர் நிபுணர். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, முற்றினதை விட்டு, பார்க்காமலேயே கிள்ளுகிற விரலுக்கு நாட்கூலி. நாக்குக்குப் பட்டம் கொடுத்தவர்கள் விரலுக்கு ஏன் கொடுக்கவில்லை? அந்தத் தாயின் மகள்தான் அடுத்த தலைமுறையில் ஈ கட்டப் போகிறாள். விரலின் திறமை அவளோடு போகிறது, திறமை இல்லை என்கிற முத்திரையும் அவளோடு போகிறது.

என்ன செய்யலாம்

கோபப்பட்டுவிட்டுப் போய்ப் படுப்பதில் அர்த்தம் இல்லை. எழுதுகிறவர்களாக எங்கட கையில் இருக்கிற வேலையைச் சொல்கிறோம்.

நுவரெலியா பற்றி எழுதும்போது துரையின் தூண்டிலோடு நிறுத்தாதீர்கள். மீனைச் சுமந்த தோளையும், ஓடை இழந்த இறாலையும், ஈயைக் கட்டின கையையும் எழுதுங்கள். மூன்றையும் எழுதினால் கட்டுரை கொஞ்சம் நீளும், நீளட்டும்.

கலைப்பீடத்தில் ஒவ்வொரு வருடமும் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடி அலைகிறோம். காலனியக் கட்டடங்கள் பற்றி எத்தனை வந்துவிட்டன! ஏற்றுமதி மேசைகளில் ஈ கட்டிய பெண்களிடம் போய், என்ன இறகு, எத்தனை சுற்று, எது திரும்பி வரும், எப்படிப் பழகினீர்கள் என்று கேட்டுப் பதியலாம். அந்தத் தொழிலுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் அவர்கள் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்ட சொற்கள் இருக்கும். அவற்றைப் பொறுக்கி வைத்தாலே ஒரு அகராதி. அவர்கள் அனுமதித்தால், அவர்களுடைய பெயரோடு பதியுங்கள். பெய்லிக்கு நடந்ததைப் பார்த்தோம்; உள்ளே ஒரு வரியில் பெயரைச் சொல்லிவிட்டு அட்டையில் எங்கட பெயரை மட்டும் போட்டால் அதேதான் திரும்ப நடக்கும். அட்டையிலும் போடுங்கள்.

வீட்டில் யாராவது இப்படியான வேலை செய்தவர்கள் இருந்தால், அவர்களுடைய அடுத்த விண்ணப்பப் படிவத்தை நீங்கள் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். 'தொழில் அனுபவம்' என்ற இடத்தில் வெறும் கோடு போட விடாதீர்கள். ட்ரவுட் ஈ கட்டுதல், நாலு வருடம், ஏற்றுமதித் தரம் என்று தெளிவாக எழுதுங்கள். எங்கட தோழியின் அக்காவுக்கு நாங்கள் அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம். வாசித்துப் பார்த்துவிட்டு, "இதையெல்லாமா எழுதுவாங்க?" என்று கேட்டார்.

எழுத வேண்டும் அக்கா. இதைத்தான் எழுத வேண்டும்.